அரச ஒப்பந்தம் யாருக்குப் போனது? கொழும்பிலிருந்து இணையத்தில் தேடும் முறை

கொட்டாஞ்சேனையில் ஒரு வடிகானைத் தோண்டிப் போட்டு மாதக்கணக்காகிறது. பம்பலப்பிட்டியில் ஓர் அரசாங்கக் கட்டடம் அரைகுறையாக நிற்கிறது. இந்த வேலையை யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவுக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்று கேட்க வரி கட்டும் எவருக்கும் உரிமை உண்டு. விடையின் பெரும்பகுதி பொதுவெளியிலேயே கிடக்கிறது. ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. புதிதாகத் தேடுகிறவர் கொம்பனியின் பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்றதும் எல்லாவற்றையும் மறைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி விடுகிறார். மறைத்ததும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல தடவை ஆவணம் வேறொரு தளத்தில், வேறொரு மொழியில், வேறொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும்.

ஆகவே கொம்பனியின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். சொத்து யாருடையது, பணம் யாருடையது, தொகை எவ்வளவு பெரியது என்ற மூன்று கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். எந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

சொத்தும் பணமும் யாருடையவை

கட்டுமான வேலை என்றால் முதலில் வேலைத்தளத்துப் பெயர்ப்பலகையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் பெயர், வேலையைக் கொடுத்த நிறுவனம், ஒப்பந்தக்காரர், ஆலோசகர், நிதி எங்கிருந்து வருகிறது என்பவை அதில் இருக்கும். சில பலகைகளில் ஒப்பந்த இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம் கிடைத்தால் தேடலில் பாதி முடிந்த மாதிரி. கொம்பனியின் பெயரைப் பத்து விதமாக எழுதலாம், இலக்கத்தை அநேகமாக ஒரே விதமாகத்தான் எழுதுவார்கள்.

பலகை இல்லையென்றால் சொத்தைக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். ஏ, பி வகைப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. காலி வீதி அப்படிப்பட்டது. நகருக்குள் இருக்கும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் கழிவுநீர்க் குழாய்களும் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. குடிநீர்க் குழாய் என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. வெள்ளத்தைக் கடத்தும் பெரிய கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில் உள்ளன. ஒரே சந்தியில் இந்த நான்கும் சந்திக்கலாம். வீதியைத் தோண்டியவர் வீதியின் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குழாய் பதிக்கத் தோண்டியிருந்தால் ஒப்பந்தம் நீர் வழங்கல் சபையின் பெயரில் இருக்கும். வீதி அதிகார சபையின் தளத்தில் எவ்வளவு தேடினாலும் அது வராது.

அடுத்தது பணம். திறைசேரிப் பணமா, சபையின் சொந்த வருமானமா, வெளிநாட்டுக் கடனா? உலக வங்கி அல்லது ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் என்றால் உங்கள் வேலை இலகுவாகும்; அதைப் பின்னால் பார்ப்போம். தொகையும் முக்கியம். அரசாங்கம் பொருளோ வேலையோ வாங்குவதைப் பெறுகை என்கிறார்கள். இலங்கையில் பெறுகைக் குழுக்கள் தொகையின்படி அடுக்கடுக்காக இருக்கின்றன. மிகப் பெரியவை அமைச்சரவை வரை போகும். அடுத்த மட்டத்தை அமைச்சின் குழு தீர்மானிக்கும், அதற்குக் கீழே திணைக்களக் குழு, கருத்திட்டக் குழு, பிராந்தியக் குழு என்று இறங்கும். மேலே போகப் போகத் தடயம் தெளிவாகும். மூன்று விலைமுறி கேட்டு வாங்கும் சிறு கொள்வனவுகள் இணையத்தில் பெரும்பாலும் அகப்படாது. அவற்றுக்கு நேரே தகவல் உரிமை விண்ணப்பந்தான் வழி.

விதிகளும் மாறியிருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டி நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. தேசிய பெறுகை ஆணைக்குழு வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் வழிகாட்டி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய ஒப்பந்தமொன்றைப் புதிய விதியால் அளந்து குற்றம் சொல்லாதிருக்க, விலைமனு (டெண்டர்) கோரப்பட்ட திகதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ப்ரொமிஸ் தளம்

நிதியமைச்சின் கீழ் இயங்கும் மின்னணுப் பெறுகைத் தளத்தின் பெயர் ப்ரொமிஸ். முகவரியும் அதே சொல்தான், பின்னால் டொட் எல்கே. விநியோகஸ்தர்கள் அதில் பதிவு செய்துகொள்கிறார்கள். நீங்கள் பார்வையிட மட்டும் வருகிறவர். விநியோகஸ்தராகப் பதிய முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் பகுதிகளில் விலைமனு அழைப்புகளையும் வழங்கப்பட்ட ஒப்பந்தங்களையும் தேடுங்கள்.

1. தளத்தை ஆங்கில மொழியில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் பதிவேற்றும் விபரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் முகப்பில் தமிழ்ச் சொல்லைப் போட்டால் வெறும் பக்கந்தான் வரும்.

2. முதலில் நிறுவனத்தை மட்டும் தெரிவு செய்து தேடுங்கள். திகதி, வகை, சொல் என்று எல்லாப் பெட்டிகளையும் ஒரே தடவையில் நிரப்பினால், ஒன்று பிழைத்தாலும் எல்லாம் பிழைத்துவிடும்.

3. பட்டியல் நீளமாக வந்தால் ஆண்டைச் சேருங்கள். அதன் பிறகும் நீளமென்றால் வேலையின் பெயரிலுள்ள ஓர் அரிய சொல்லை, அநேகமாக இடப்பெயரை, சேருங்கள்.

4. இடப்பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். கொட்டாஞ்சேனைக்கு கொட்டஹேன என்றும், வெள்ளவத்தைக்கு ஒற்றை டீயோடும் இரட்டை டீயோடும், கொழும்பு 13 என்று வலய இலக்கத்தோடும் எழுதுவார்கள்.

5. பதிவு கிடைத்தவுடன் அதன் இலக்கத்தைப் பிரதி செய்து வைத்துக்கொண்டு, அதே இலக்கத்தை அழைப்புப் பகுதியிலும் தேடுங்கள். அழைப்பும் வழங்கலும் சேர்ந்திருந்தால்தான் படம் முழுமையாகும்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் பதிவுகளைத் தானே ஏற்றுவதால் அழைப்பு இருந்து வழங்கல் இல்லாத பதிவுகளைக் காண்பீர்கள். டெண்டர் ரத்தாகியிருக்கலாம், இன்னும் மதிப்பீட்டில் இருக்கலாம், வழங்கிவிட்டு ஏற்றாமலும் விட்டிருக்கலாம். பதிவு இல்லை என்பதை வைத்து இந்த மூன்றில் எது நடந்தது என்று சொல்ல முடியாது. 2023 செப்டெம்பரில் வெளியான சர்வதேச நாணய நிதியத்தின் ஆட்சிமுறை பற்றிய அறிக்கை, 100 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை, பெற்றவர்களின் விபரத்தோடு தேடக்கூடிய வடிவில் வெளியிட வேண்டும் என்று விதந்துரைத்ததும் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

அமைச்சரவை முடிவுகள்: தமிழிலேயே தேடக்கூடிய இடம்

பெரிய ஒப்பந்தங்களுக்குத் தமிழ் வாசகருக்கு மிக வசதியான மூலம் அமைச்சரவை முடிவுகள்தான். அமைச்சரவை வழமையாகத் திங்கட்கிழமை கூடுகிறது. மறுநாள் ஊடகச் சந்திப்பில் முடிவுகள் அறிவிக்கப்படுகின்றன. அமைச்சரவை அலுவலகத்தின் தளத்திலும் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் தளத்திலும் மூன்று மொழிகளிலும் அவை வெளியாகின்றன.

இந்த அறிக்கைகளின் நடை ஏறக்குறைய மாறாதது. தேசிய அல்லது சர்வதேச போட்டி விலைமனு கோரப்பட்டது, இத்தனை விலைமுறிகள் கிடைத்தன, இன்ன பெறுகைக் குழு விதந்துரைத்தது, அதற்கமைய இன்ன கொம்பனிக்கு வழங்க அமைச்சர் சமர்ப்பித்த யோசனைக்கு அங்கீகாரம் வழங்கப்பட்டது என்று போகும். ஆகவே தேடும்போது "பெறுகை", "விலைமுறி", "விதந்துரை", "வழங்கல்" என்ற சொற்களில் இரண்டை இடப்பெயரோடு சேர்த்துப் போடுங்கள். டெண்டர் என்று தேடினால் பத்திரிகைச் செய்திதான் வரும். மூல அறிக்கை அந்தச் சொல்லை அதிகம் பாவிப்பதில்லை. கொம்பனியின் பெயர் தமிழ் அறிக்கையிலும் ஆங்கில எழுத்திலேயே இருப்பது சாதாரணம்.

இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். அமைச்சரவை அங்கீகரித்த நாளும் ஒப்பந்தம் கைச்சாத்தான நாளும் ஒன்றல்ல. இடையில் மாதங்கள் ஓடலாம், சில வேளை கைச்சாத்தே ஆகாமலும் போகலாம். மற்றது, ஒரே பெறுகை பல பொதிகளாகப் பிரிந்து வெவ்வேறு கொம்பனிகளுக்குப் போயிருக்கும். பொதி இலக்கத்தைக் குறிக்காமல் மொத்தத் தொகையை ஒரு கொம்பனியின் தலையில் கட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

நிறுவனங்களின் சொந்தத் தளங்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். அரச நிறுவனத் தளங்களின் உள்தேடல் பலவீனமானது, கூகுளை வைத்து உள்ளே தேடுவது மேல். ஆங்கிலத்தில் "சைட்" என்ற சொல்லை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் நிறுவனத்தின் இணைய முகவரியை எழுதுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டுத் தேடுசொல்லைப் போடுங்கள். அதேபோல "பைல்டைப்" என்பதற்குப் பின் முக்காற்புள்ளியும் பிடிஎப் என்பதும் சேர்த்தால் ஆவணங்கள் மட்டும் வரும். டெண்டர் இலக்கத்தில் சாய்கோடுகள் இருந்தால் முழு இலக்கத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். இல்லாவிட்டால் கூகுள் அதைத் துண்டு துண்டாக எடுத்துச் சம்பந்தமில்லாத பக்கங்களைக் காட்டும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் இலக்கம் போடும் முறை வேறு. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் சுகாதார சேவைக்கு வாங்கும் மருந்துகளின் டெண்டர் இலக்கங்கள் டிஎச்எஸ் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி ஆண்டில் முடியும். ஒரு நிறுவனத்தின் நான்கைந்து இலக்கங்களைப் பார்த்தாலே முறை பிடிபட்டுவிடும். பிறகு வரிசை எண்ணை மாற்றி மாற்றித் தேடலாம்.

ஆவணம் கண்ணெதிரே இருந்தும் தேடலில் வராமல் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள்; அது படம், அதில் எழுத்தே இல்லை. அந்தக் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸ் மூலம் திறந்தால் ஓரளவுக்கு எழுத்தாக மாறும். சிங்களமும் தமிழும் கூட மாறும், ஆனால் இலக்கங்களை நம்பாதீர்கள். தொகைகளை மூலப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரு காற்புள்ளி புள்ளியாக மாறினால் மில்லியன் ஆயிரமாகிவிடும். மற்றக் காரணம் பழைய எழுத்துரு. சிங்கள ஆவணங்கள் எப்எம் அபயா போன்ற எழுத்துருக்களிலும், தமிழ் ஆவணங்கள் பாமினியிலும் தட்டச்சாகியிருக்கும். திரையில் அழகாகத் தெரியும், பிரதி செய்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். யுனிகோட் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்துரு எது என்பதை பிடிஎப் கோப்பின் பண்புகள் பகுதியில் பார்த்துவிட்டுச் சரியான மாற்றியைத் தெரிவு செய்யுங்கள்.

அரசாங்கம் மாறும்போதெல்லாம் அமைச்சுகளின் பெயரும் துறைகளும் மாறுகின்றன, பழைய தளங்கள் மூடப்படுகின்றன. இன்று நகர அபிவிருத்தியைக் கவனிக்கும் அமைச்சின் தளத்தில் 2018இன் ஒப்பந்தம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அன்றைய அமைச்சின் பெயரைக் கண்டுபிடித்து, அதன் பழைய முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டுப் பாருங்கள். நீங்கள் எடுக்கும் எந்த ஆவணத்தையும் அன்றே தரவிறக்கி, திகதியைக் கோப்பின் பெயரில் சேர்த்து, பக்க முகவரியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட பக்கம் நாளைக்கு இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கொழும்பு மாநகர சபையைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களின் சபை இல்லை. ஆகவே அந்தக் காலத்து ஒப்பந்தங்களைச் சபைக் கூட்ட அறிக்கைகளில் தேடிப் பயனில்லை. ஆணையாளரின் நிருவாகக் கோப்புகளைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும்.

வர்த்தமானியையும் தினகரன், தினமின, டெய்லி நியூஸ் பத்திரிகைகளையும் அழைப்பு அறிவித்தலுக்குப் பாருங்கள். யாருக்குக் கிடைத்தது என்பது அவற்றில் குறைவாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டுக் கடனில் நடந்த வேலைகள்

பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. உலக வங்கியின் பெருநகரக் கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் அங்கீகரிக்கப்பட்ட 213 மில்லியன் டொலர் கடன் அது. வெள்ள வடிகால்கள், பேரை வாவிக் கரை, நகர வீதிகள் என்று கொழும்பின் பல வேலைகள் அதற்குள் வந்தன. உலக வங்கித் தளத்தில் திட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தேடினால், பி என்ற எழுத்தும் ஆறு இலக்கங்களும் கொண்ட திட்ட எண் கிடைக்கும். திட்டப் பக்கத்தில் பெறுகைப் பகுதியைத் திறந்து, அறிவித்தல் வகையில் ஒப்பந்த வழங்கலைத் தெரிவு செய்யுங்கள்.

அந்த வழங்கல் அறிவித்தலை நிதானமாகப் படியுங்கள். வென்றவரின் பெயரோடு, விலைமனு திறந்தபோது வாசிக்கப்பட்ட விலை, மதிப்பீட்டின் பின்னான விலை, ஒப்பந்த விலை என மூன்று தொகைகள் தனித்தனியே இருக்கும். தோற்றவர்களின் பெயரும் விலையும் இருக்கும். நிராகரிக்கப்பட்டவர் இருந்தால் அதற்கான காரணமும் பதிவாகியிருக்கும். மிகக் குறைந்த விலை கேட்டவர் ஏன் விடுபட்டார் என்பதற்கு அங்கே ஒரு வரி விடை கிடைக்கும். உள்ளூர் நிதியில் நடந்த வேலை ஒன்றில் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை இந்த அறிவித்தல்களைப் பத்துப் படித்தால் தானாகக் கற்றுக்கொள்வீர்கள்.

உலக வங்கியின் நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. 2023 ஒக்டோபரில் வழங்கிய ஒப்பந்தம் 2024ஆம் நிதியாண்டில் இருக்கும். நமது அரசாங்கத்தின் ஆண்டோ ஜனவரி முதல் டிசெம்பர் வரை. ஆசிய அபிவிருத்தி வங்கித் தளத்தில் டெண்டர் பகுதிக்குப் போய், நாட்டையும் வழங்கப்பட்டவை என்ற நிலையையும் தெரிவு செய்ய வேண்டும். இரண்டு வங்கிகளும் தடைசெய்யப்பட்ட கொம்பனிகளின் பட்டியலையும் வெளியிடுகின்றன. 2010இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு வங்கி விதித்த தடையை மற்ற வங்கிகளும் ஏற்கலாம். கொம்பனியின் பெயரை அங்கேயும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

தொகையைப் படிக்கும் முறை

கண்டுபிடிப்பதைவிடச் சரியாகப் படிப்பதுதான் கடினம். ஒரே வேலைக்கு மூன்று தொகைகளைப் பார்த்துவிட்டு ஊழல் என்று எழுதியவர்கள் உண்டு. ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒப்பந்தக்காரர் கேட்ட விலை 200 மில்லியன் ரூபா. எதிர்பாராச் செலவுக்கென 10 சதவீதம் சேர்த்தால் 220 மில்லியன். அதன்மேல் 18 சதவீத வற் வரி சேர்த்தால் 259.6 மில்லியன். 200, 220, 259.6 மூன்றும் ஒரே ஒப்பந்தத்தின் தொகைகள்தான். அமைச்சரவை அறிக்கையில் ஒன்றும், பெயர்ப்பலகையில் இன்னொன்றும், பத்திரிகையில் மூன்றாவதும் வரலாம். எந்தத் தொகையை எழுதினாலும் வரி உட்பட்டதா, எதிர்பாராச் செலவு உட்பட்டதா என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது வரி வீதம் குறுக்கே வரும். வற் வரி 2022 செப்டெம்பரில் 15 சதவீதமாகவும், 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாகவும் உயர்ந்தது. வரியை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். 18 சதவீத வரி உட்பட்ட தொகையென்றால் 1.18ஆல் வகுக்க வேண்டும். 18 சதவீதத்தைக் கழித்தால் விடை பிழை. 236 மில்லியனை 1.18ஆல் வகுத்தால் 200, 18 சதவீதத்தைக் கழித்தால் 193.5.

டொலர் ஒப்பந்தங்களை இன்றைய நாணய வீதத்தில் மாற்றாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவு. வழங்கல் திகதியின் வீதத்தை மத்திய வங்கித் தளத்தில் எடுத்து, அந்தத் திகதியையும் எழுதி வையுங்கள். அந்த நெருக்கடிக்கு முன் தொடங்கிப் பின் முடிந்த கட்டுமான வேலைகளின் இறுதிச் செலவு வழங்கல் தொகையைவிட வெகுவாகக் கூடியிருந்தால், அதில் ஒரு பங்கு, பொருட்களின் விலை ஏறும்போது கொடுப்பனவைக் கூட்டும் விலையேற்றச் சூத்திரத்தின்படி வந்தது. மீதிப் பங்கு மேலதிக வேலைக் கட்டளைகளால் வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வழங்கல் அறிவித்தலில் இருப்பது தொடக்க விலை மட்டுமே. கடைசியில் கொடுத்த பணம் அதில் இல்லை.

போட்டியின் அளவையும் பாருங்கள். ஆவணம் வாங்கியவர் எத்தனை பேர், விலைமனு போட்டவர் எத்தனை பேர், தகுதி பெற்றவர் எத்தனை பேர் என்பவை மூன்று வெவ்வேறு எண்கள். பன்னிரண்டு பேர் வாங்கி, ஒருவர் மட்டும் போட்டிருந்தால் நிபந்தனைகளை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது.

கொம்பனி யார்

பெயரிலுள்ள மிக அரிய சொல்லை மட்டும் தேடுங்கள். பிரைவேட் லிமிட்டெட், கொன்ஸ்ட்ரக்ஷன், என்ஜினியரிங் போன்றவற்றை விட்டுவிடுங்கள். ஒருமை பன்மையிலும் சுருக்கத்திலும் அவை மாறிக்கொண்டே இருக்கும். கூட்டு முயற்சி என்றால் இரண்டு பெயர்களையும் தனித்தனியே தேட வேண்டும்.

கொம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத் தளத்தில் பெயரைத் தேடி, அப்படியொரு கொம்பனி பதிவாகியுள்ளதா என்று பார்க்கலாம். அந்தத் திணைக்களம் கொழும்பு 10, டீ.ஆர். விஜேவர்த்தன மாவத்தையில் சமாகம் மெதுரவில் இருக்கிறது. தனியார் கொம்பனிகளின் பதிவு இலக்கம் பீவி என்ற எழுத்துகளில் தொடங்கும். பெயர் ஒத்திருந்தாலும் இலக்கம் வேறானால் கொம்பனி வேறு. பணிப்பாளர் விபரத்துக்குக் கட்டணம் செலுத்திப் பிரதி எடுக்க வேண்டும். படிவம் 1 ஆரம்பப் பதிவு, படிவம் 20 பணிப்பாளர் மாற்றம். டெண்டர் மூடிய திகதியில் யார் பணிப்பாளராக இருந்தார் என்பதே உங்களுக்கு வேண்டியது, இன்று யார் என்பது இரண்டாவது. தனியாள் வியாபாரமும் பங்காளி வியாபாரமும் இந்தத் தளத்தில் வரமாட்டா. அவை மாகாண மட்டத்தில் வியாபாரப் பெயராகப் பதியப்படுகின்றன. அதனால், கொம்பனிப் பதிவில் இல்லை என்பதை வைத்துப் போலி என்று எழுதிவிடாதீர்கள்.

5 மில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட விலைமனுக்களுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழான பதிவுச் சான்றிதழும் வேண்டும். பீசீஏ 3 என்று டெண்டர் ஆவணங்களில் காண்பது அதைத்தான். கட்டுமானம் என்றால் நிருமாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் ஒப்பந்தக்காரரின் தரத்தைப் பாருங்கள். சி9 கீழ்த் தரம், அங்கிருந்து சி1 வரை ஏறி, அதற்கு மேல் சிஎஸ்1, சிஎஸ்2. அழைப்பில் கேட்ட தரத்தோடு வென்றவரின் தரம் பொருந்துகிறதா என்று ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை, பலர் செய்வதில்லை.

கணக்காய்வு அறிக்கைகள்

தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் தளத்தில் நிறுவனத்தையும் ஆண்டையும் கொண்டு தேடுங்கள். அறிக்கைகளில் பெறுகை முகாமைத்துவம் பற்றிய பகுதிக்கு நேரே போங்கள். கொம்பனியின் பெயர் அங்கே இல்லாமல் இருக்கலாம். வேலையின் பெயரும் தொகையும் இருக்கும், அதைக்கொண்டு பொருத்தலாம். ஒப்பந்தம் நடந்த ஆண்டோடு நிற்காமல் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் பாருங்கள். கோப் (அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு), கோபா (அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு) என்ற பாராளுமன்றக் குழுக்களின் அறிக்கைகள் பாராளுமன்றத் தளத்தில் உள்ளன.

இணையம் கைவிட்டால்: தகவல் உரிமை விண்ணப்பம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழில் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சட்டத்தின் 9ஆம் பிரிவு, உள்ளூர் நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும் வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட திட்டங்களின் விபரத்தைத் தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமைச்சரைக் கட்டுப்படுத்துகிறது. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடலாம்.

"ஒப்பந்தம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் தெளிவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"தங்கள் நிறுவனத்தின் (இலக்கம்) கொண்ட ஒப்பந்தம் தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைத் தருக: விலைமனு திறந்தபோது எடுக்கப்பட்ட கூட்டக் குறிப்பும் வாசிக்கப்பட்ட விலைகளும், மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கமும் பெறுகைக் குழுவின் தீர்மானமும், வழங்கல் கடிதம், ஒப்பந்த உடன்படிக்கை, மேலதிக வேலைக் கட்டளைகளும் அவற்றுக்கான அங்கீகாரமும், இன்றுவரை செலுத்திய தொகைகளும் திகதிகளும், காலநீடிப்புக் கடிதங்கள்."

வர்த்தக இரகசியம் என்று மறுப்பது வழமையான பதில். விலைமனு திறக்கும்போது விலைகள் போட்டியாளர்கள் முன்னிலையில் உரத்து வாசிக்கப்படுகின்றன, ஆகவே அவற்றை இரகசியம் என்று சொல்ல இடமில்லை. மற்றவற்றுக்கு, பொதுநலன் மேலோங்கும்போது தகவலை வழங்க வேண்டும் என்ற 5(4)ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஆவணத்தின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தருமாறும் கேட்கலாம்.

தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தருவதாகத் தீர்மானித்தால், கட்டணம் செலுத்தியபின் 14 நாட்களுக்குள் தர வேண்டும். காரணம் காட்டி மேலும் 21 நாட்கள் வரை நீடிக்கலாம். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம் அவகாசம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் அங்கேயே பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்குங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் தபால் சீட்டையும், பதில் வந்த உறையையும் கடிதத்தோடு இணைத்து வையுங்கள். காலக்கெடு தாண்டிவிட்டது என்று நிறுவனம் வாதிட்டால் ஆணைக்குழு முன் காட்ட வேண்டியவை அந்தச் சீட்டும் முத்திரையிட்ட உறையுந்தான்.